பகுத்தறிவு குற்றவாளிக் கூண்டிலே!

ஒரு நாடகம். அதன் தலைப்பிலேயே ஒரு குற்றப்பத்திரிகை. குற்றஞ்சாட்டப்பட்டிருப்பது யார் தெரியுமா, தோழர்களே? பகுத்தறிவு!

நாடகத்தின் பெயர் 'ஆர். யு. ஆர்.' எழுதியவர் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக். 1920-ஆம் ஆண்டு நூலாக வந்தது; 1921 சனவரியில் பிராக் நகரத்துத் தேசிய நாடக அரங்கிலே மேடையேறிற்று; 1922-இல் நியூயார்க்கையும், 1923-இல் இலண்டனையும் எட்டிற்று. உலக மொழிகளுக்கெல்லாம் 'ரோபோ' எனும் சொல்லை ஈந்தது இந்த நாடகந்தான். இன்று பள்ளிச் சிறுவனும் அந்தச் சொல்லை அறிவான். ஆனால், அந்தச் சொல் பிறந்த நாடகத்தைப் படித்தவர் எத்தனை பேர்? மிகச் சிலரே.

மூன்று எழுத்துகளின் விரிவு, 'ரோசுமின் அனைத்துலக ரோபோக்கள்' என்பதாகும். ரோசும் என்பது நாடகத்திலே பேசப்படும் விஞ்ஞானியின் பெயர். அதே ஒலியுடைய செக் சொல்லுக்குப் பொருள், அறிவு, பகுத்தறிவு! ரோபோ எனும் சொல்லோ, 'ரொபோட்டா' என்பதிலிருந்து கிளைத்தது. பிரபுவின் நிலத்திலே, கூலி கேட்காமல், மறுக்க உரிமையுமில்லாமல், குடியானவன் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்புக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது. 1848-இல் ஒழிக்கப்படும் வரை அந்தக் கொடுமை அங்கே சட்டமாகவே இருந்தது. நம் மொழியிலே 'வெட்டி' என்கிறோமே, அதே கொடுமை! இந்தச் சொல்லைச் சாபெக்குக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையன், ஓவியர் ஜோசப் சாபெக். பிற்காலத்தில், 1945-இல், நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமிலே மடிந்தவர் அவர்.

இரண்டு சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கிப் பாருங்கள். 'பகுத்தறிவார் கம்பெனி, வெட்டி உழைப்பாளிகளைத் தயாரித்து அனைத்து நாடுகளுக்கும் அனுப்பி வைக்கும் நிறுவனம்!' குற்றச்சாட்டு புரிகிறதல்லவா?

நமக்குக் கசக்கும் குற்றச்சாட்டு என்பதற்காக நூலை மூடி வைத்துவிடலாமா? கூடாது. கேட்கப் பிடிக்காததைக் கேளாதிருப்பது பழமையின் பழக்கம். வழக்கைக் கேட்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, பிறகு தீர்ப்புக் கூறுவதே நமது பழக்கமாக இருக்கவேண்டும். ஆகவே விசாரிப்போம்.

தொலைவிலே ஒரு தீவு. கடல்வாழ் உயிரினங்களை ஆராய அங்கே வருகிறார் முதிய ரோசும். உயிருள்ள பொருளை இரசாயன முறையிலே செய்து பார்க்க முயல்கிறார். பலமுறை தோற்று, ஒருநாள், உயிருள்ள பொருளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். அதன் இரசாயன அமைப்பு வேறு. நடத்தை மட்டும் உயிரின் நடத்தை! கிழவருக்குப் பணத்தாசை இல்லை. கடவுள் தேவையில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அவருடைய வெறி. மனிதனை அணு அணுவாக, சுரப்பி சுரப்பியாக, அப்படியே செய்து காட்ட முயல்கிறார். பத்தாண்டு பாடுபட்டுச் செய்த மனிதன் மூன்றே நாள் வாழ்ந்தான்.

அடுத்து வருகிறான் இளைய ரோசும். பொறியியல் படித்தவன். மனிதனை முழுமையாகச் செய்ய எதற்குப் பத்தாண்டு? உழைப்புக்கு வேண்டாதவற்றை நீக்கிவிடு! பாட வேண்டாம், உலாவ வேண்டாம், மகிழ வேண்டாம், அழ வேண்டாம். வேலை செய்தால் போதும். மனிதன் கழிக்கப்பட்டான், ரோபோ கிடைத்தது.

ரோபோ என்றதும் இரும்புடலும் திருகாணியும் நம் கண்முன் நிற்கின்றன. சாபெக்கின் ரோபோ இரும்பு அல்ல. சதை! மாவு பிசைவது போலத் தொட்டியிலே பிசையப்பட்ட சதை. ஈரலுக்கும் மூளைக்கும் தொட்டிகள். நரம்பும் நாளமும் நூற்க ஆலை. இரசாயனத்தின் பிள்ளை அது. இயந்திரத்தின் பிள்ளை அல்ல. உலகம் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மறந்துவிட்டது.

கம்பெனி செழிக்கிறது. ரோபோக்கள் இலட்சம் இலட்சமாக விற்பனையாகின்றன. வேலை இழந்த தொழிலாளர் கொதித்தெழுகின்றனர். அவர்களை அடக்க ரோபோக்களின் கையிலே ஆயுதம் தரப்படுகிறது. பிறகு அரசுகள் அவற்றையே படைவீரராக்கிப் போர் நடத்துகின்றன. மனிதருக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோகிறது. இறுதியில் ரோபோக்கள் கிளர்ந்து மனித இனத்தையே மாய்க்கின்றன. தப்பியவர் ஒருவரே. அல்குவிஸ்ட் எனும் கட்டடக்காரர். ரோபோக்களைப் போலவே கையால் உழைத்தவர் அவர் என்பதற்காக விட்டுவைக்கின்றனர்!

இதுதான் கதை. இனி, குறுக்கு விசாரணை.

முதலாவது கேள்வி. உயிரைப் போல நடந்துகொள்ளும் பொருளை இரசாயனத்தால் படைக்க முடியுமா? முதிய ரோசும் கண்டது வெறும் புலவன் கற்பனையா?

1828-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஜெர்மானிய இரசாயன அறிஞர் வோலர், அம்மோனியம் சயனேட் எனும் உப்பிலிருந்து யூரியாவைப் பெற்றார். சிறுநீரிலே காணப்படும் பொருள் அது. உயிர்ப்பொருளை உருவாக்க 'உயிராற்றல்' எனும் தனிச் சக்தி வேண்டும் என நம்பப்பட்ட காலம். சிறுநீரகமின்றியே யூரியா பிறந்தது! அந்த ஒரே நாளிலே உயிராற்றல் கொள்கை மாண்டுவிட்டது என்று சிலர் எழுதுவர். அது மிகை. கொள்கை மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது. நம் பக்கத்து வெற்றியானாலும் அளந்தே பேசவேண்டும்.

அளக்காமல் பேசியதால் வந்த வினையும் உண்டு. பிரான்சு நாட்டின் நாந்த் நகரத்துப் பேராசிரியர் ஸ்தெஃபான் லெதுக், உப்புக் கட்டிகளைக் கரைசலிலே இட்டுச் செடி போலவும், காளான் போலவும், சிப்பி போலவும் வடிவங்களை வளர்த்துக் காட்டினார். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு தோட்டமே எழுந்தது. உப்பைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டாகிறது. சவ்வின் வழியே நீர் உள்ளே புகுகிறது. அழுத்தம் மிகுந்து சவ்வு வெடிக்கிறது. வெடித்த இடத்திலே புதுச் சவ்வு தோன்றுகிறது. இப்படியே கிளை விடுகிறது. அழகான ஆய்வு. 1912-இல் அவர் வெளியிட்ட நூலுக்குச் 'செயற்கை உயிரியல்' எனும் பொருள்படத் தலைப்பிட்டார். ஆனால் செடியின் வடிவம் வந்துவிட்டால் செடியாகிவிடுமா? மெழுகிலே செய்த மாங்கனியும் மாங்கனியின் வடிவந்தானே!

கேம்பிரிட்ஜிலே ஜான் பட்லர் பர்க் என்பார் 1905-இல் ரேடியம் உப்பை இறைச்சிச் சாற்றுக் கூழிலே தூவினார். நுண்ணோக்கியிலே உருண்டைகள் தெரிந்தன. வளர்வது போலவும் பிரிவது போலவும் காணப்பட்டன. பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. பின்னர் ஆராய்ந்தோர் அவற்றிலே உயிரைக் காணவில்லை. உப்பின் வீழ்படிவையே கண்டனர். புராணிகன் புளுகினால் கைகொட்டிச் சிரிக்கிறோம். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த செய்தி என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதா? 'விஞ்ஞானம்' என்ற முத்திரை குத்தப்பட்ட மூடநம்பிக்கையும் மூடநம்பிக்கையே.

அப்படியானால் அளந்து பேசக்கூடிய வெற்றி இல்லையா? உண்டு. வியக்கத்தக்கதாக உண்டு.

சோவியத் நாட்டிலே போரிஸ் பெலூசவ் எனும் இரசாயன அறிஞர், 1951 அளவிலே, எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தோடு புரோமேட்டும் சீரியம் உப்பும் அமிலக் கரைசலிலே கலந்தார். கரைசல் மஞ்சளாயிற்று; நிறமற்றதாயிற்று; மீண்டும் மஞ்சளாயிற்று! கடிகாரம் அடிப்பது போல, நாடி துடிப்பது போல, நிறம் மாறி மாறி வந்தது. கட்டுரை எழுதி அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பினார். ஏன்? அப்படி நடக்கவே முடியாதாம்! இரசாயன மாற்றம் என்றால் ஒரே திசையிலே சென்று சமநிலையிலே அடங்கவேண்டும். முன்னும் பின்னும் ஆடுவது இயற்கை விதிக்கு முரண் என்பது அன்றைய பெரியோர் வாக்கு. கண்ணால் கண்டவனை, காணாதவன் மறுத்தான்! 1959-இலேதான், மருத்துவக் கதிரியக்கம் பற்றிய ஒரு தொகுப்பிலே, சிறு குறிப்பாக அது அச்சேறிற்று.

பெரியோர் எங்கே தவறினர்? மலையிலிருந்து இறங்கும் வண்டி தானாக மலை ஏறாது. மெய். ஆனால், இறங்கும் வழியிலே அதன் சக்கரம் சுழலாதா? பெலூசவ் கரைசலிலே ஆட்டம் நடப்பது சமநிலைக்கு வந்த பிறகு அல்ல. சமநிலையை நோக்கிச் செல்லும் வழியிலே. ஒரு மாற்றத்தால் பிறக்கும் பொருள் அதே மாற்றத்தை மேலும் விரைவாக்குகிறது. விரைவு மிகும்போது மற்றொரு பொருள் தலையெடுத்து அதை அடக்குகிறது. அடக்கிய பொருள் தீர்ந்ததும் முதல் மாற்றம் மீண்டும் ஓங்குகிறது. மூலப்பொருள் உள்ளவரை இந்த ஆட்டம் ஓயாது. இதிலே ஆவியும் இல்லை, அருளும் இல்லை.

1961 முதல் சபத்தீன்ஸ்கி எனும் இளைஞர் அந்த ஆய்வை எடுத்து வளர்த்தார். 1980-இல் சோவியத் அரசு இருவருக்கும் மற்றும் சிலருக்கும் லெனின் பரிசு தந்தது. பெலூசவ் அதைக் காணவில்லை, 1970-இலேயே மறைந்துவிட்டார். 1977-இல் நோபல் பரிசு பெற்ற பிரிகோஜின், சமநிலையிலிருந்து விலகி நிற்கும் பொருள்களிலே ஒழுங்கு எப்படித் தானே தோன்றும் என்பதற்குக் கணக்கு வகுத்தார். உயிர் என்பதும் சமநிலையிலிருந்து விலகி நிற்பதே. உணவு உள்ளவரை நிற்கும். நின்றுவிட்டால் அதற்கு மரணம் என்று பெயர்.

அதன் பிறகு எழுந்தவற்றைப் பாருங்கள். 1996-இல் யோஷிதா எனும் ஜப்பானிய அறிஞரும் அவருடைய தோழர்களும், பெலூசவ் மாற்றத்துக்கு வேண்டிய கிரியா ஊக்கியை ஒரு ஜெல்லின் உடலிலேயே பிணைத்தனர். வெளியிலிருந்து எவரும் தூண்டாமல், மின்சாரமும் பாய்ச்சாமல், அந்த ஜெல் தானே விரிந்தது, சுருங்கிற்று, விரிந்தது, சுருங்கிற்று. இதயத் தசையைப் போல! 2001-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், காயம் ஆறும் பிளாஸ்டிக்கைச் செய்தனர். உள்ளே நுண்ணிய கூடுகள். கூடுகளிலே ஒட்டும் திரவம். விரிசல் பாய்ந்தால் கூடு உடைகிறது. திரவம் கசிந்து, உள்ளே கலந்திருக்கும் கிரியா ஊக்கியைத் தொட்டதும் இறுகுகிறது. முறியாமல் தாங்கும் வலிமையிலே 75 விழுக்காடு வரை மீண்டது.

2010-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிலே ஓட்டோ குழுவினர் கண்டது இன்னும் நுட்பமானது. சிறு மூலக்கூறுகள் கைகோத்து வளையமாகின்றன. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இழையாகின்றன. இழை முறிந்தால் முறிந்த முனைகளெல்லாம் புதிதாக வளர்கின்றன. தன்னைப் போன்றதைத் தானே பெருக்கும் பொருள்! குடுவையைக் குலுக்கினால் ஆறு அங்கம் கொண்ட வளையம் வெல்கிறது; கலக்கினால் ஏழு அங்கம் கொண்டது வெல்கிறது. சூழ்நிலை மாறினால் வெற்றி பெறுவோரும் மாறுகின்றனர்! டார்வினின் நிழல் இரசாயனக் குடுவையிலே விழுகிறது.

பாஸ்டனிலே சோஸ்டாக் குழுவினர் 2003-இல், ஒருவகைக் களிமண் கொழுப்பு அமிலக் குமிழிகள் உருவாவதை விரைவாக்குவதைக் கண்டனர். அந்தக் குமிழிகள் சுற்றிலும் உள்ள கொழுப்பு அமிலத்தை உண்டு வளர்ந்தன. நுண்துளைகளின் வழியே அழுத்தித் தள்ளியபோது சிறு குமிழிகளாகப் பிரிந்து, மீண்டும் வளர்ந்தன. தள்ளியது மனிதன் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதுவே நேர்மை.

ஒன்று துடிக்கிறது, ஒன்று காயம் ஆற்றிக்கொள்கிறது, ஒன்று தன்னைப் பெருக்குகிறது, ஒன்று உண்டு வளர்கிறது. இவற்றுள் எதற்கேனும் உயிர் உண்டா? இல்லை. உயிரின் தொழில்களிலே ஒவ்வொன்றை ஒவ்வொன்று செய்கிறது. எல்லாம் ஓருடலிலே ஒன்றுகூடி, தன்னைத் தானே பேணி, பெருகி, தலைமுறை தோறும் மாறும் பொருளை எவரும் இதுவரை வெறும் இரசாயனப் பொருள்களிலிருந்து ஆக்கிவிடவில்லை. 2016-இல் வென்டர் குழுவினர் 473 மரபணுக்களோடு மட்டும் வாழும் ஒரு நுண்ணுயிரை அமைத்தனர். மரபணுத் தொகுதியைத்தான் செய்தனர். அதைத் தாங்கிய உடல் இருந்த நுண்ணுயிரின் உடலே. அந்த 473-இலும் 149 மரபணுக்களின் வேலை இன்னதென்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று அச்சிட்டுச் சொன்னார்கள். எந்தத் தலபுராணத்திலே இப்படி ஒரு வரி உண்டு?

ஆக, முதல் கேள்விக்கு விடை: சாபெக் கண்ட கனவு வெறுங்கனவு அல்ல. உயிரின் நடத்தையை, உயிரற்ற பொருளிலே, ஒவ்வொன்றாக வரவழைக்க முடிகிறது. அந்த அளவிலே நாடகாசிரியர் தொலைநோக்குடையவரே.

இரண்டாவது கேள்வி. விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்பதைச் சாபெக் சரியாகக் காட்டினாரா?

இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். நாடகத்திலே உயிரின் இரகசியம் முழுவதும் ஒரே ஒரு கையெழுத்துப் படியிலே இருக்கிறது. அது இரும்புப் பெட்டியிலே பூட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் ரோபோவைச் செய்ய எவராலும் இயலாது. மனிதருக்குக் குழந்தை பிறக்காததைக் கண்டு மனம் நொந்த ஹெலெனா எனும் பெண், அந்தப் படியை எரித்துவிடுகிறாள். இரகசியம் சாம்பலாகிறது!

ஒரே சுவடி, ஒரே காவலர், காதோடு காதாகச் செல்லும் இரகசியம். தோழர்களே, இது விஞ்ஞானமா? மந்திரத்தின் இலக்கணமல்லவா இது! மந்திரந்தான் மறைக்கப்படுவது, விஞ்ஞானமோ திறந்து வைக்கப்படுவது. பெலூசவ் கட்டுரையை ஆசிரியர்கள் மறுத்தனர். மறுத்து என்ன பயன்? கலவை முறை கைமாறிச் சென்றது. கலந்தவர் எல்லோருடைய குடுவையிலும் கரைசல் நிறம் மாறிற்று. மாஸ்கோவில் நிறம் மாறியது போலவே மற்ற நாடுகளிலும் மாறிற்று. கலப்பவன் குலமென்ன, கோத்திரமென்ன என்று கரைசல் கேட்கவில்லை! எரித்தால் அழிந்துபோவது சுவடி. திரும்பச் செய்து பார்த்தால் திரும்பக் கிடைப்பது விஞ்ஞானம்.

எரித்ததால் விளைந்த நன்மையாவது உண்டா? நாடகமே இல்லை என்கிறது. அந்தப் படியைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்ளலாம் என்று கம்பெனித் தலைவர் டோமின் பெட்டியைத் திறக்கிறார்; பெட்டி காலி. மனிதரும் மாண்டனர், தம்மைப் பெருக்கிக்கொள்ளும் வழி தெரியாத ரோபோக்களும் அழிவை எதிர்நோக்கின. அறிவை எரித்தவள் இரண்டு இனங்களுக்கும் சேர்த்துச் சிதை மூட்டினாள்! சாபெக் ஹெலெனாவைக் கனிவோடு தீட்டுகிறார். ஆனால் கதையின் போக்கு, அவள் செயலுக்கு எதிராகவே சாட்சி கூறுகிறது.

இருந்தும், அந்த இரும்புப் பெட்டியை நாம் முற்றிலும் பொய் என்று ஒதுக்க முடியவில்லை. ஏன்? பெட்டியைச் செய்தது விஞ்ஞானம் அல்ல, கம்பெனி. பூட்டியது ஆராய்ச்சியாளனின் அறிவு அல்ல, முதலாளியின் இலாபம். இந்தப் பெட்டி நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை அமைத்தவர், வங்கத்திலே பிறந்து ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலே பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. தொட்டியிலே பிசையப்பட்ட உயிரல்ல. இயற்கை நுண்ணுயிரைத் திருத்தி அமைத்தது. அதற்குக் காப்புரிமை உண்டா எனும் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980-இல், ஐவர் ஆம் என்றனர், நால்வர் இல்லை என்றனர். உயிருள்ளது என்பது தடையல்ல, மனிதனால் ஆக்கப்பட்டதா என்பதே கேள்வி என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டிலே, உயிர் ஒன்று உடைமைப் பட்டியலிலே ஏறிற்று! 2007-இல் வெளியான ஒரு விண்ணப்பத்திலே வென்டர் நிறுவனத்தார், உயிர் வாழப் போதுமான மிகக் குறைந்த மரபணுத் தொகுதிக்கே காப்புரிமை கோரினர். ரோசுமின் இரும்புப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

மூன்றாவது கேள்வி. குற்றம் எங்கே நிகழ்ந்தது?

நாடகத்தின் ஒப்பற்ற காட்சி ஒன்றைக் கேளுங்கள். ரோபோக்களுக்கு வலி தெரியாது. இயந்திரத்திலே கையை விட்டு விரலை முறித்துக்கொள்கின்றன. கம்பெனிக்கு நட்டம்! எனவே, உடலியல் துறைத் தலைவர் வலி நரம்பைப் புகுத்த ஆராய்கிறார். அவை மகிழ்ச்சி பெறுமா என்று ஹெலெனா கேட்கிறாள். இல்லை, ஆனால் தொழில் நோக்கில் மேம்படும் என்று விடை வருகிறது. ஆன்மாவையும் தரலாகாதா என்கிறாள். செலவு கூடும் என்கின்றனர்! சில வேளைகளில் ரோபோ திடீரெனக் கையிலுள்ளதை வீசி எறிந்து பல்லை நறநறவெனக் கடிக்கும். அவள் அதிலே ஆன்மாவைக் காண்கிறாள். கம்பெனி பழுதைக் காண்கிறது. நொறுக்கும் ஆலைக்கு அனுப்பிவிடுகிறது.

வலியைத் தருவார்களாம், உடைமையைக் காக்க! மகிழ்ச்சியைத் தரமாட்டார்களாம், செலவைக் குறைக்க! இந்த ஒரு காட்சிக்காகவே சாபெக்குக்கு மாலை சூட்டலாம். இதிலே குற்றவாளி குடுவையா, கணக்குப் பேரேடா?

இன்னொன்று. கிளர்ச்சி மூளத் தொடங்கியதும் டோமின் போடும் திட்டம் என்ன? இனி ஒரே வகை ரோபோ கூடாது, நாட்டுக்கு நாடு தொழிற்சாலை வைத்து, வேறு வேறு நிறத்திலே, வேறு வேறு மொழியிலே செய்வோம், ஒன்றையொன்று வெறுக்கட்டும், பிறகு ஒன்றுசேரவே மாட்டா! உழைப்பவனை உழைப்பவனோடு மோத விடும் அந்தப் பழைய சூழ்ச்சி, புதிய தொட்டியிலே பிசையப்படுகிறது. இதைக் கற்பிக்க இரசாயனம் வேண்டுமா? மனிதனை மனிதன் ஆண்ட வரலாறு போதாதா?

டோமினை வெறும் கொடியவனாகச் சாபெக் காட்டவில்லை. வறுமை ஒழியும், மனிதன் உழைப்பின் நுகத்தடியிலிருந்து விடுபடுவான் என்று உளமாரக் கனவு காண்கிறார் அவர். வணிகத் தலைவர் புஸ்மனோ, உலகை நடத்துவது கனவு அல்ல, தேவை, விற்பனை, எண்ணிக்கை என்கிறார். கடைசியிலே பணத்தைக் காட்டி ரோபோக்களிடம் பேரம் பேசப் போய், மின்வேலியைத் தொட்டு மாள்கிறார். 1923-இல் இலண்டன் ஏடு ஒன்றிலே சாபெக் எழுதிய விளக்கத்திலே, இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நோக்கிலே சரியானவர்களே என்றார். கலைஞனுக்கு அழகான நடுநிலை அது. ஆனால் எல்லோரும் சரியானவர்களானால், மாண்டவர்களுக்கு யார் பொறுப்பு? கேள்வியைத் தூண்டிய கலைஞர், விடைக்கு முன்னே கைகட்டி நின்றுவிட்டார் என்பதே நமது வருத்தம்.

அந்த வருத்தம் நாடகத்தின் முடிவிலே கண்டனமாகவே மாறுகிறது. மனிதருக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை? உழைப்பு அற்றதால் இயற்கை தண்டித்துவிட்டதாம். எந்த நாளமில்லாச் சுரப்பி, எந்தக் காரணத்தால்? காரணம் சொல்லப்படவில்லை, சாபமாகவே விழுகிறது. பிரிமுஸ், ஹெலெனா எனும் இரு ரோபோக்கள் ஒருவரை ஒருவர் காதலித்து, ஒருவருக்காக ஒருவர் உயிர்தர முன்வருகின்றனர். அருமையான காட்சி. ஆனால் உடனே அல்குவிஸ்ட் விவிலியத்தின் படைப்புக் கதையை எடுத்து ஓதி, அவர்களை ஆதாம் ஏவாளாக்கி வழியனுப்புகிறார். முதல் அங்கத்திலே விடைபெற்றுப் போன கடவுள், கடைசி அங்கத்திலே கொல்லைப்புறமாக வந்து சேர்ந்துவிட்டார்! அந்த இருவரும் பிறரிடமிருந்து வேறுபட்டது, ஆய்வுக்கூடத்திலே மாற்றம் செய்யப்பட்டதன் விளைவு என்று கூறப் போதுமான விதையை நாடகாசிரியரே தூவியிருக்கிறார். அந்த விதையை முளைக்க விடாமல் அற்புதத்தை நட்டுவிட்டார்.

தொட்டியிலே பிசையப்பட்ட ஒன்று, வலியை உணரவும் அன்பு செலுத்தவும் கற்றுக்கொண்டால், அதன் பெருமைக்குச் சான்றாகப் பழைய ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. வலிக்கிறதா என்று கேள். வலிக்கிறது என்றால் கையை எடு. யார் வயிற்றிலே பிறந்தது, எந்தத் தொட்டியிலே பிறந்தது என்று கேட்பது, பிறப்பை வைத்து மதிப்பிடும் பழைய பழக்கமன்றி வேறென்ன? இன்றைய ஜெல்லுக்கும் குமிழிக்கும் வலி இல்லை. வரும் நாளிலே வலி உணரும் ஒன்று வருமானால், நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவாகவே இருக்கும்.

ஆகவே, தீர்ப்பு.

உயிரின் நடத்தையை உயிரற்ற பொருளிலே தேடிய குற்றத்துக்காகப் பகுத்தறிவைத் தண்டிக்க முடியாது; அது குற்றமே அல்ல. மனிதன் தன் நாடித் துடிப்பின் சூத்திரத்தை ஒரு குடுவையிலே கண்டு அச்சம் தெளிந்தான், அது ஆக்கம். ஆனால், யாருக்காகச் செய்கிறோம், யார் கையிலே கொடுக்கிறோம் என்று கேளாதிருந்ததற்கு, பகுத்தறிவு மறுமொழி கூறியே தீரவேண்டும். முதிய ரோசும் கடவுளை எதிர்த்தார், கம்பெனியை எதிர்க்கவில்லை. பாதிப் பகுத்தறிவு அது. வானத்தை நோக்கிக் கேட்ட கேள்வியை வாசலிலே நிற்கும் முதலாளியை நோக்கியும் கேட்டிருந்தால், நாடகம் வேறு விதமாக முடிந்திருக்கும்.

நாடகத்தைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், தோழர்களே. நம்மைக் குற்றஞ்சாட்டும் நூல் என்பதற்காகவே படியுங்கள். ஆய்வுக்கூடத்திலே நுழையும் வாய்ப்புப் பெற்ற இளைஞர்கள் குடுவையை அஞ்சாமல் கையிலெடுங்கள். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுங்கள்.

கூண்டின் கதவைத் திறப்போம். பகுத்தறிவு வெளியே வரட்டும். வந்ததும் அது செய்யவேண்டிய முதல் வேலை, கம்பெனியின் பேரேட்டைப் பிரித்துப் படிப்பது!